"ஒருக்கா நடப்பம், வா"

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உடல்நலம் பற்றி ஏதாவது பேசும்படி கேட்டார்கள். நான் வைத்தியரும் அல்ல, உடற்கல்வி ஆசிரியரும் அல்ல. முப்பத்தைந்து வருடம் கணக்குப் புத்தகத்தோடு கதிரையில் இருந்தவள். அந்தக் கதிரை எனக்குச் சம்பளம் தந்தது, கூடவே சலரோகமும் முழங்கால் வலியும் தந்தது. ஆகவே பாடம் நடத்த எனக்குத் தகுதியில்லை. நான் படித்த பாடத்தைச் சொல்லலாம். அதையும் யாரிடம் படித்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு யப்பானியக் காட்டூனிடம்!

ரொறன்ரோவில் பனிக்காலம். பதின்மூன்று வயதுப் பேத்தி சோபாவில் கால் நீட்டி ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். "படிக்கிற பிள்ளை காட்டூன் பாக்கிறதோ?" என்று ஏசினேன். "அம்மம்மா, இது காட்டூன் இல்லை, அனிமே. ஒரு எபிசோட் பாருங்கோ, பிறகு ஏசுங்கோ" என்றாள். பார்த்தேன். ஏசவில்லை. இருபத்தெட்டு எபிசோடையும் அவளோடு இருந்து பார்த்து முடித்தேன்.

அதன் பெயர் 'ஃபிரீரன்'. 2020இல் யப்பானில் சித்திரக்கதையாகத் தொடங்கி, 2023 செப்டெம்பரில் திரைத்தொடராக வந்தது. மந்திரவாதிகளும் பறவைநாகங்களும் வரும் மாயக்கதைதான். ஆனால் மற்றக் கதைகள் முடிகிற இடத்தில் இது தொடங்குகிறது. நாலு பேர் பத்து வருடம் நடந்து போய் அரக்க அரசனை வென்றுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அதற்குப் பிறகு என்ன என்பதுதான் கதை. நால்வரில் ஒருத்தி ஃபிரீரன். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் இனத்தைச் சேர்ந்தவள். அவளுக்குப் பத்து வருடம் என்பது எங்களுக்கு ஒரு பள்ளி விடுமுறை மாதிரி. திரும்பி வந்த இரவில் நால்வரும் எரிகல் மழை பார்க்கிறார்கள். அது ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். "அடுத்தமுறை இன்னும் வடிவாய்த் தெரியிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்ற மாதிரி இலேசாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். ஐம்பது ஆண்டு கழித்து வந்து பார்த்தால், அழகான வீரனாக இருந்த ஹிம்மல் மொட்டந்தலைக் கிழவன். எரிகல் மழையைச் சேர்ந்து பார்க்கிறார்கள். சிறிது காலத்தில் அவன் இறந்துபோகிறான். செத்தவீட்டில்தான் அவளுக்கு உறைக்கிறது, இந்த மனிதனைப் பற்றி அறிந்துகொள்ளத் தான் முயலவேயில்லை என்று.

அந்த இடத்தில் நான் அழுதேன். பேத்தி பயந்துபோனாள். ஏன் அழுதேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலாவது பாடம், பாறை.

ஃபிரீரனிடம் ஃபெர்ன் என்ற சிறுமி மந்திரம் படிக்க வருகிறாள். போரில் தாய் தகப்பனை இழந்து, வாழ்வே வேண்டாமென்று மலைவிளிம்பில் நின்ற பிள்ளை. ஒரு வயோதிபப் பாதிரியார் மீட்டு வளர்க்கிறார். பள்ளத்தாக்குக்கு அப்பால் தூரத்தில் ஒரு பாறை. அதைத் துளைத்தால்தான் முழு மந்திரவாதி. ஒவ்வொரு நாளும் போய் முயல்கிறாள். துளைபடவில்லை. அடுத்த நாளும் போகிறாள். நாலு ஆண்டு. தன்னால் தனியே வாழ முடியும் என்பதை அந்தக் கிழவர் கண்மூடுமுன் காட்டிவிட வேண்டும் என்பதே அவளது அவசரம். காட்டிவிடுகிறாள்.

போரும் அநாதைப் பிள்ளையும் எங்களுக்கு மாயக்கதை அல்ல. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு மழைக்குள் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனையோ பேர். அன்றைக்கு எங்கள் கால்கள் எங்களைக் காப்பாற்றின. பிறகு அந்தக் கால்களை நாங்கள் கதிரைக்குக் கொடுத்துவிட்டோம்.

எனக்குச் சலரோகம் என்று தெரிந்தபோது ஒரே நாளில் ஒரு மணித்தியாலம் நடந்தேன். மூன்று நாள் முழங்கால் வீங்கிப் படுத்தேன். பிறகு ஃபெர்னைப் பார்த்துத்தான் விளங்கியது. பாறை இன்றைக்குத் துளைபட வேண்டியதில்லை, நான் இன்றைக்குப் போனேனா என்பதே கேள்வி. பத்து நிமிடத்தில் தொடங்கினேன். சாப்பிட்ட பிறகு நடந்தேன். காரணம் எளிது. வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சீனியைத் தானே இழுத்து எரிக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களின் உடலிலும் அது நடக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்கு 150 நிமிடத்திலிருந்து 300 நிமிடம்வரை மிதமான உடலுழைப்பு. ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு அரை மணித்தியாலம். ஒரு சீரியல் நேரம்.

இரண்டாவது பாடம், பயம்.

ஸ்டார்க் என்றொரு பொடியன். பெரிய கோடரி தூக்குகிற வீரன். பறவைநாகம் வந்தபோது பயத்தில் உறைந்து நின்றவனை, அஞ்சாமல் நின்றான் என்று நினைத்து ஊர் மூன்று வருடமாகக் கொண்டாடுகிறது. தான் கோழை என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் ஊருக்குத் தெரியாத இன்னொன்று, அவன் ஒவ்வொரு நாளும் தனியே போய் ஒரு மலைமுகட்டை வெட்டிப் பழகுகிறான். கடைசியில் கை நடுங்க நடுங்கப் போய் நாகத்தை வெல்கிறான். அவனுடைய குருவுக்கும் சண்டைக்கு முன் கை நடுங்குமாம்.

எங்களுடைய பறவைநாகம் வேறு. அதன் பெயர் "ஆக்கள் என்ன சொல்லுவினம்". பெரியபிள்ளையானவுடன் ஓட்டத்தை நிறுத்தியவர்கள் எத்தனை பேர்? கலியாணத்தோடு சைக்கிளை விட்டவர்கள் எத்தனை பேர்? ஊருக்கு வந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டு விடிய ஒழுங்கைக்குள் இறங்கிய முதல் நாள் எனக்கும் கை நடுங்கியது. ஒருவர் வேலிக்கு மேலாக "என்ன தங்கச்சி, ஏதும் அவசரமோ?" என்று கேட்டார். நாலாம் நாள் அவரின் மனுசியும் என்னோடு நடந்தா.

மூன்றாவது பாடம், அடிப்படை.

ஃபெர்ன் வளர்ந்து பெரிய அரக்கனோடு மோதும்போது அவள் கையில் ஆடம்பர மந்திரம் எதுவுமில்லை. எல்லோரும் முதலாவதாகப் படிக்கிற சாதாரணத் தாக்கு மந்திரம் ஒன்றைத்தான் வேகமாக, பிசகில்லாமல் திரும்பத் திரும்ப எய்கிறாள். அது போதுமாக இருக்கிறது.

எங்களுக்கும் ஜிம் வேண்டியதில்லை. கதிரையில் கை ஊன்றாமல் பத்துத் தரம் இருந்து எழும்புங்கள். எங்கள் பிள்ளையார் தோப்புக்கரணத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். குசினி மேசையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். அறுபத்தைந்து தாண்டியவர்கள் விழாதிருக்க, சமநிலைப் பயிற்சியும் வாரத்தில் மூன்று நாள் வேண்டும். எங்கள் அம்மாமார் துலாவில் தண்ணீர் அள்ளினார்கள், பலகையில் குந்தியிருந்து தேங்காய் திருவினார்கள், உரலில் மா இடித்தார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வேலை அவர்களை வளர்த்தது போலவே தேய்த்தும் விட்டது. ஓய்வு யாரும் கொடுக்கவில்லை. அந்த அசைவை மட்டும் நாங்கள் திருப்பி எடுத்தால் போதும்.

மெல்லிய உடம்பு என்று யாரும் தைரியமாக இருக்கவும் வேண்டாம். தெற்காசியர்களாகிய எங்களுக்குக் குறைந்த நிறையிலேயே சலரோகம் வருகிறது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். புட்டையும் இடியப்பத்தையும் விடச் சொல்லவில்லை. தட்டில் அது சுருங்கி, முருங்கையிலையும் பருப்பும் மீனும் பெருகட்டும்.

நாலாவது பாடம், துணை.

ஆயிரம் வயது ஃபிரீரனுக்கு விடிய எழும்ப ஏலாது. சூரிய உதயம் பார்க்க வேண்டிய நாளில் ஃபெர்ன்தான் இழுத்து எழுப்புகிறாள். பெரிய மந்திரவாதிக்கே எழுப்பிவிட ஒரு ஆள் தேவை. எனக்குப் பேத்தி போன் எடுப்பாள்: "அம்மம்மா, பாறைக்குப் போயிற்றீங்களோ?" பொய் சொல்ல வெட்கமாக இருக்கும். அவ்வளவுதான் இரகசியம்.

இதில் எல்லாவற்றையும் அப்படியே பின்பற்றவும் கூடாது. அந்தத் தொடரில் ஒருவர் பனிமலையில் மேலங்கியில்லாமல் உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கிறார். அதை ரொறன்ரோவிலும் செய்யாதீர்கள், நல்லூர் வீதியிலும் செய்யாதீர்கள்! இன்சுலின் அல்லது குளிசை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு இறுக்கினால், மூச்சு முட்டினால் உடனே நிறுத்துங்கள். ஃபிரீரனின் குழுவிலிருந்த குள்ள வீரன் ஐசன், தன்னால் முன்போலக் கோடரி வீச ஏலாது என்று நேர்மையாகச் சொல்லி ஒதுங்குகிறான். ஒதுங்கியவன் சும்மா இருக்கவில்லை, ஸ்டார்க்கை வளர்த்துவிடுகிறான். வயதான எங்களுக்கு அதுவும் ஒரு பாடம்.

வளர்த்துவிடுவதைப் பற்றி இன்றைய மாணவிகள் முன் ஒன்று சொல்ல வேண்டும். தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. 2009இலும் 2018இலும் இலங்கை ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்றபோது கோலுக்குக் கீழே நின்றவர் அவர். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைப் படைத்து, பிறகு தன் சாதனையைத் தானே முறியடித்தார். இந்த மண்ணில் திறமை இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ரியூசனுக்காக மைதானத்தை விட்டு இறங்குகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்த ஆட்கள்தான் குறைவு. நாங்கள் கட்டடத்துக்குக் காசு அனுப்புகிறோம், நல்லது. விளையாட வருகிற பிள்ளைக்குச் சப்பாத்தும் பின்னேரச் சிற்றுண்டியும் அனுப்புவோமா என்று சங்கத்தைக் கேட்கிறேன்.

இனி, ஏன் அழுதேன் என்பது.

இந்த மைதானத்தில் எங்கள் இல்லத்து அஞ்சலோட்ட அணியில் நான் மூன்றாவது ஆள். கடைசி ஆள் என் சிநேகிதி. பெயர் சொல்லவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் கொடுத்த கோலை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. 1995இலும் சேர்ந்துதான் நடந்தோம். பிறகு நான் கனடா போனேன், அவள் இங்கேயே ஆசிரியையாக நின்றாள். ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும், "நீ வா, மைதானத்தைச் சுத்தி ஒருக்கா நடப்பம்" என்பாள். 2014இல் பத்து நாள் வந்தேன். கலியாணவீடு, சீலைக்கடை, சொந்தக்காரர். அவள் என்னைப் பார்க்க வந்தாள். அன்றும் கேட்டாள். "அடுத்தமுறை கட்டாயம்" என்றேன்.

அவளுக்கும் சலரோகம். எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. கால் விறைத்திருந்ததால் மத்தியான வெயிலில் கோயில் வீதியில் வெறுங்காலோடு நடந்தபோது சூடு தெரியவில்லை. கொப்பளம் புண்ணானது, புண் ஆறவில்லை. 2019இல் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஃபிரீரனுக்கு ஆயிரம் ஆண்டு இருக்கிறது, ஐம்பது ஆண்டைத் தவறவிட்டால் அடுத்த எரிகல் மழைக்கு வரலாம். எனக்கு அந்த வசதி இல்லை என்பதை ஐந்து வருடம் கழித்து ஒரு காட்டூன் முன்னால் இருந்துதான் முழுதாக உணர்ந்தேன்.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். சலரோகம் உள்ளவர்கள் ஒவ்வொரு இரவும் உங்கள் பாதங்களைப் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சுடுமணலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், கடவுள் கோபிக்கமாட்டார். அடுத்தது, ஒவ்வொரு வகுப்பாரும் உங்கள் பெயர்ப் பட்டியலை எடுத்து, ஒருவருக்கு ஒருவர் என்று இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன். மூன்று கேள்வி: நடந்தாயா? சீனி எவ்வளவு? கால் எப்படி? இலண்டனில் இருந்தாலும் மெல்பேணில் இருந்தாலும் உரும்பிராயில் இருந்தாலும் செய்யலாம். செலவு இல்லை.

இன்று விடிய, கூட்டம் தொடங்குமுன், காவலாளியிடம் கேட்டு மைதானத்துக்குள் போனேன். ஒரு சுற்று நடந்தேன். பிறகு இன்னொரு சுற்று நடந்தேன், அது அவளுடையது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் போகப்போகிறேன். வரக்கூடியவர்கள் சப்பாத்தோடு வாருங்கள். ஒருக்கா நடப்பம்.