பழைய மிதவைச் சட்டை: காற்று போகும் வழியும் வரும் வழியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடைக்குப் பக்கத்து மேசையில் நாலு பழைய சட்டைகளை விரித்து வைத்திருக்கிறேன். காலையிலிருந்து "லைஃப் ஜாக்கெட்டா சார்?" என்று கேட்காதவர் இல்லை. பாதி சரி. ஸ்கூபா டைவர்கள் கடலுக்கடியில் தங்கள் மிதப்பைக் கூட்டவும் குறைக்கவும் அணிந்தவை இவை. இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது ஒரு டைவிங் கிளப்பில் சேர்ந்தேன். அங்கே கழித்துப் போட்டதையெல்லாம் வாங்கிச் சேர்த்தேன். எங்கள் வீட்டில் இதற்கு 'ரப்பர் குப்பை' என்று பெயர்.

போன மாதம் நம் மாணவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "புதுச்சேரியில டைவிங் கத்துக்கப் போறேன் சார். பழைய ஜாக்கெட் ஒண்ணு சல்லிசா வருது. விக்கிறவர் காத்து நல்லா நிக்குதுங்கறார். வாங்கலாமா?" அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன்.

முதலில், இந்தச் சட்டை எதற்கு? மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லோடு இறங்கினார்கள். கல்லை விட்டுவிட்டு மேலே வந்தார்கள். கணக்கு சுலபம். குளிர்க்கடலில் ரப்பர் உடை போட்டு இறங்குகிறவனுக்கு அப்படி இல்லை. அந்த உடை முழுக்கச் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள். மேலே இருக்கும்போது அவை அவனை மிதக்க வைக்கும், அதனால் இடுப்பில் ஈயம் கட்டுவான். கீழே போகப் போக அழுத்தத்தில் குமிழிகள் நசுங்கும். ஈயமோ அப்படியே இருக்கும். 30 மீட்டரில் அவன் சில கிலோ கூடுதல் கனமாகி விடுகிறான். அந்தக் குறையை ஈடுகட்ட ஒரு பையில் காற்றை விட வேண்டும். மேலே வரும்போது அதை வெளியே விடவும் வேண்டும்.

ஆகவே பழைய சட்டை ஒன்று கையில் கிடைத்தால் நிறத்தையும் லேபிளையும் பார்க்காதீர்கள். காற்று எப்படி உள்ளே போகிறது, எப்படி வெளியே வருகிறது என்று பாருங்கள். அதன் வயதும் தெரியும், யோக்கியதையும் தெரியும்.

மேசையில் முதலாவது, கழுத்தில் மாட்டும் சின்னப் பை. ஊத ஒரு மெல்லிய குழாய், கீழே கார்பன் டை ஆக்சைடு அடைத்த விரல் நீளக் குப்பி ஒன்று. அவ்வளவுதான். இதை ஆழத்தில் நம்பலாமா? பாயில் விதி படித்தவர்கள் கணக்குப் போடுங்கள். 16 கிராம் வாயு கடல்மட்டத்தில் சுமார் 8½ லிட்டர். 30 மீட்டரில் அழுத்தம் நாலு மடங்கு. அங்கே அது இரண்டு லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். தூக்கும் சக்தியும் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். உடை நசுங்கியதற்கே அது பற்றாது! இது மேற்பரப்பில் மிதக்க மட்டும்தான். அந்தக் குப்பியில் வாயு இருக்கிறதா என்பதை எடை போட்டுத்தான் அறிய வேண்டும். நிரம்பிய எடை பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும்.

இரண்டாவதுதான் என் செல்லம். பிரான்சின் மொரிஸ் ஃபென்சி 1961-இல் காப்புரிமை பெற்ற வகை. (அதே 1961-இல்தான் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது.) பையின் அடியில் குட்டிச் சிலிண்டர் ஒன்று தொங்குகிறதே, அதைப் பாருங்கள். முதுகிலுள்ள பெரிய சிலிண்டரிலிருந்து இதை நிரப்பிக்கொள்வார்கள். 0.4 லிட்டர் கொள்ளளவில் 200 மடங்கு அழுத்தம் என்றால் 80 லிட்டர் காற்று. 30 மீட்டரிலும் 20 லிட்டர். ஆளையே தூக்கி வந்துவிடும். மூச்சுக் காற்று தீர்ந்துபோனால் இந்தப் பையிலிருந்தே சுவாசிக்கவும் அந்தக் காலத்தில் பழகினார்கள். பூஞ்சை பிடித்த பையில் அப்படிச் செய்தால் நுரையீரல் என்னாவது என்பது வேறு கதை.

மூன்றாவது, கைவைத்துப் போடும் பனியன் மாதிரி. ஸ்கூபாப்ரோ நிறுவனம் 1971-இல் கொண்டுவந்த வடிவம். காற்று முன்னும் பின்னும் தாராளமாக நகரும். இன்றைய ஜாக்கெட்டுகளுக்கு இதுதான் பாட்டன்.

நாலாவது ஏமாற்றும். பார்த்தால் பழைய கழுத்துப் பை, ஆனால் மடிப்பு மடிப்பான தடித்த குழாயும் அழுத்துகிற பொத்தானும் இருக்கின்றன. ரெகுலேட்டரிலிருந்து நேராகக் காற்றெடுக்கும் இந்த அமைப்பைப் பழைய பைகளில் பலர் பின்னால் பொருத்திக்கொண்டார்கள். குழாய் பையோடு சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். வேறு பசை, வேறு ரப்பர் என்றால் ஒட்டு வேலை.

சரி, 'காத்து நிக்குது' என்ற விஷயத்துக்கு வருகிறேன். காற்று நிற்பது நல்லதுதான். கெட்டியாக ஊதி ஒரு ராத்திரி நிழலில் வையுங்கள். விடியற்காலைக் குளிரில் கொஞ்சம் தளர்வது இயல்பு. ரொம்பத் தொய்ந்தால் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். ஆனால் இது பாதிப் பரீட்சைதான். என்னைக் கேட்டால், ஒழுகும் பையைவிட, காற்றை விடாத பை மோசம். ஏறும்போது உள்ளே காற்று விரிந்துகொண்டே போகும். வெளியேற்றும் வால்வு உப்புப் பூத்து ஒட்டிக்கொண்டிருந்தால் டைவர் ராக்கெட் மாதிரி மேலே போவார். மூச்சை அடக்கியிருந்தால் நுரையீரல் கிழியும். பொத்தான் அழுத்திய நிலையில் சிக்கிக்கொண்டாலும் இதே கதிதான்.

ஆகவே வாயால் ஊதி, பை இறுகும்போது வால்வு தானாகத் திறக்கிறதா, பிறகு மூடுகிறதா என்று பாருங்கள். பொத்தானை இருபது தடவை அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு தடவையும் காற்று சட்டென நிற்க வேண்டும். பைக்குள் வெந்நீர் அல்ல, சாதாரணத் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். கறுப்புத் தூள் வந்தால் உள்பூச்சு உதிர்கிறது என்று பொருள். அந்தத் தூள் போய் உட்காரும் இடம் வால்வுதான். மடிப்பில் வெடிப்பு, கையில் பிசுபிசுப்பு இருந்தால் ரப்பர் செத்துவிட்டது. அதற்கு வைத்தியம் கிடையாது.

குட்டிச் சிலிண்டரை மட்டும் யாரும் திருகிப் பார்க்க வேண்டாம். காலி என்று எண்ணாதீர்கள். நிரப்பும்போதெல்லாம் ஒரு சொட்டுக் கடல்நீர் உள்ளே போயிருக்கும், உள்ளே துரு அரித்திருக்கும். கழுத்தில் பொறித்த சோதனைத் தேதியைப் படியுங்கள். சோதனை நிலையத்தார் கையில் கொடுங்கள்.

சேகரிப்பவருக்கு மதிப்பு வேறு விதம். பையோடு வந்த அதே சிலிண்டர், கையேடு, மாற்றாத குழாய் இருந்தால் விலை ஏறும். பளபளக்கப் பெயிண்ட் அடித்தால் இறங்கும். ஓட்டை இருந்தாலும் சுவரில் மாட்ட அது தகும். அந்த மாணவரிடமும் இதைத்தான் சொன்னேன்: "அந்த விலைக்கு அலமாரிக்கு வாங்குப்பா. தண்ணிக்குள்ள போறதுக்குப் பயிற்சி மையத்துல சர்வீஸ் பண்ணித் தர்ற ஜாக்கெட்டை வாடகைக்கு எடு."

சாப்பாட்டு இடைவேளையில் மேசைக்கு வாருங்கள். முதல் மூன்றையும் தொட்டு, ஊதிப் பார்க்கலாம். ஊதியவர் குழாய் முனையைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள். நாலாவதில் இரண்டு இடத்தில் ஒட்டு இருக்கிறது. குழாயடியில் இருப்பதைச் சொல்லிவிட்டேன், இன்னொன்றை நீங்களே கண்டுபிடியுங்கள்.