சிப்பாயின் அரிசி மூட்டை

சியரா லியோன் என்றால் நம்மில் பலருக்கு வைரம்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அந்த நாட்டு அரிசியைப் பற்றி. அந்த மேற்கு ஆப்பிரிக்க மக்கள் நம்மைப் போலவே சோற்றுக்காரர்கள். வேறு எதைத் தின்றிருந்தாலும், சோறு உண்ணாத நாளில் "இன்று சாப்பிடவில்லை" என்றே சொல்வார்கள். அந்த நாட்டுச் சிப்பாய்க்குச் சம்பளத்தோடு அரிசியும் அளந்தார்கள். அவன் நாட்டைக் காத்த கதையும், நாட்டை மேய்ந்த கதையும் அந்த மூட்டையைச் சுற்றியே நடந்தன.

1967 தேர்தலில் வென்ற சியாகா ஸ்டீவன்ஸ், பதவியேற்ற சூட்டோடு ராணுவத்தால் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு ஆட்சிக்குத் திரும்பியபோது அந்த அச்சத்தையும் கூடவே கொண்டுவந்தார். ராணுவத்தை மெலிய விட்டார். கியூபர்களின் பயிற்சியோடு தனக்கென்று ஒரு துணைப்படையை வளர்த்தார். காவல் நாயைப் பட்டினி போட்டு, அது தன்னைக் கடிக்காது என்று நிம்மதியாகத் தூங்கிய வீட்டுக்காரர் அவர்.

1991 மார்ச் 23. லைபீரிய எல்லையைத் தாண்டி, ஃபோடே சங்கோவின் கிளர்ச்சிப் படை கைலாஹுன் மாவட்டத்தில் நுழைந்தது. எதிர்த்து நிற்கச் சில ஆயிரம் பேரே இருந்தார்கள். ஓராண்டு போராடினார்கள். சம்பளம் வரவில்லை, காயம்பட்டவனுக்கு மருந்து வரவில்லை என்று குமுறிய இளம் அதிகாரிகள் 1992 ஏப்ரல் 29 அன்று தலைநகர் ஃப்ரீடவுனுக்கே வந்துவிட்டார்கள். ஸ்டீவன்ஸுக்குப் பின் வந்த அதிபர் மோமோ நாட்டைவிட்டு ஓடினார். வாலன்டைன் ஸ்ட்ராசர் என்ற கேப்டன் ஆட்சியைப் பிடித்தார். அவருக்கு வயது 25!

படையைப் பெருக்க வேண்டுமே. தெருவில் திரிந்த பிள்ளைகளை அள்ளி வந்து, அரைகுறைப் பயிற்சி தந்து துப்பாக்கியைக் கொடுத்தார்கள். அப்போதுதான் மக்கள் வாயில் ஒரு சொல் பிறந்தது: 'சோபெல்'. பகலில் சிப்பாய், இரவில் கிளர்ச்சிக்காரன். ஊருக்குள் சீருடை நுழைந்தால் கும்பிடுவதா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடுவதா? ஒரு தாய் எப்படித் தெரிந்துகொள்வாள்? அரசை நம்பிப் பயனில்லை என்று 'கமஜோர்' எனப்பட்ட பாரம்பரிய வேட்டைக்காரர்கள் தாங்களே ஊர்க்காவலுக்கு எழுந்தார்கள்.

ராணுவ ஆட்சி போய், தேர்தலில் வென்ற அரசு வந்தது. 1997இல் ராணுவத்தின் அரிசியைக் குறைக்க அந்த அரசு முனைந்தது. அதுவரையிலும் அதிகாரி வீட்டுக்கு மூட்டை மூட்டையாகப் போனது. சிப்பாய்க்குக் கிடைத்ததோ சொற்பம். வெட்டு விழுந்தால் யார் வயிற்றில் விழும்? குமுறலுக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அரிசியை ஒதுக்கிவிட்டு அந்த ஆண்டு மே 25 அன்று நடந்த ராணுவக் கலகத்தை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. சிப்பாய்கள் பாடெம்பா சாலைச் சிறையை உடைத்து, அங்கே அடைபட்டிருந்த ராணுவ அதிகாரி ஜானி பால் கொரோமாவை வெளியே கொண்டுவந்து தலைவராக்கினார்கள். அவர் எந்தக் கிளர்ச்சிக்காரர்களோடு போரிட வேண்டியிருந்ததோ, அவர்களையே தலைநகருக்கு அழைத்து ஆட்சியில் பங்கு கொடுத்தார். அந்த ஆட்சி கவிழ்ந்த பின், 1999 ஜனவரி 6 அன்று ஃப்ரீடவுனைத் தாக்கியவர்களில் முன்னாள் சிப்பாய்களும் இருந்தார்கள். மக்களின் கைகளை வெட்டினார்கள். பசித்தவன் செய்தான் என்று அதை நான் ஒருநாளும் மன்னிக்க மாட்டேன்.

2000ஆம் ஆண்டு, போர் தொடங்கிய அதே கைலாஹுனில், ஐ.நா. அமைதிப்படையில் சென்ற நம் இந்திய வீரர்கள் 200க்கு மேற்பட்டோர் இரண்டு மாதத்துக்கு மேல் கிளர்ச்சிக்காரர்களின் முற்றுகையில் கிடந்தார்கள். ஜூலையில் 'ஆபரேஷன் குக்ரி' நடத்தி அவர்களை மீட்டார்கள்.

2002 ஜனவரியில் போர் முடிந்தது. பிரிட்டிஷ் பயிற்சியாளர்கள் சியரா லியோன் படையைத் திரும்பக் கட்டினார்கள். முன்னாள் கிளர்ச்சிக்காரர்களும் அவர்களை எதிர்த்தவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். 2013இல் அந்தப் படை சோமாலியாவுக்கு அமைதி காக்கப் போனது. அடுத்த ஆண்டு எபோலா வந்தபோது, வில்பர்ஃபோர்ஸ் பாசறையின் ராணுவ மருத்துவமனை நோயாளிகளுக்குக் கதவைத் திறந்தது. சீருடையைக் கண்டு ஓடிய மக்கள் அதே சீருடையிடம் மருந்துக்கு வந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிறைகிறது.

அதனால்தான் 2023 நவம்பர் 26 எனக்கு வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அதே வில்பர்ஃபோர்ஸ் பாசறையின் ஆயுதக்கிடங்கை ஆயுதம் ஏந்தியவர்கள் தாக்கினார்கள். அதே பாடெம்பா சாலைச் சிறை மறுபடியும் உடைந்தது; சுமார் 2,000 கைதிகள் வெளியேறினார்கள். அடுத்த ஆண்டு ராணுவ நீதிமன்றம் 20க்கு மேற்பட்ட ராணுவத்தினரைக் குற்றவாளிகள் என்றது. யார் தூண்டினார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். அந்தச் சிப்பாய்களின் வீட்டுப் பானையில் அரிசி இருந்ததா என்று யாராவது கேட்டார்களா?