பிறை பார்த்தலும் படம் பிடித்தலும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், பிறை பார்க்கும் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வரவு செலவுக் கணக்கைக் கேட்டுக் களைத்திருக்கும் சபையில் நிலாவைப் பற்றிப் பேச அனுமதி பெற்றிருக்கிறோம். கணக்கும் நிலாவும் வெகுதூரம் இல்லை. பிறைகள் மக்களுக்குக் காலங்காட்டிகள் என்று அருள்மறை கூறுகிறது. நம் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு முழுவதும் மேற்கு வானில் தோன்றும் அந்த மெல்லிய கீற்றிலிருந்தே தொடங்குகிறது.

ரமலான் பிறை 29 அன்று மாலை நம் ஊர் எப்படி இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். இஃப்தார் முடிந்து மக்ரிபும் தொழுதாகிவிட்டது. மாடிக்கு ஏறுவோர் சிலர். கீழே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்போர் பலர். எங்கிருந்தோ ஒரு படம் வருகிறது, அழகான பிறை. எடுத்தவர் யார், ஊர் எது, நாள் எது என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஐந்தே நிமிடத்தில் அது மஹல்லா முழுவதும் பரவிவிடுகிறது. நாளைக்குக் கம்பெனி உண்டா, பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் இன்றிரவே சம்பளம் வாங்கி ஊருக்குப் பஸ் ஏறலாமா, வீட்டில் அரிசி ஊற வைக்கலாமா, எல்லாம் அந்த ஒரு படத்தில் தொங்கி நிற்கின்றன. வட மாநிலங்களிலிருந்து வந்து நம்மோடு தொழும் சகோதரர்களின் ஊரிலிருந்து வேறொரு படம் வந்துவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகிறது. பெருநாளை அறிவிக்கும் பொறுப்பு தலைமை காஜிக்கு உரியது. கண்ணால் காண்பதா, கணக்கை ஏற்பதா, உள்ளூர்ப் பிறையா, உலகப் பிறையா என்பவை ஆலிம்கள் பேச வேண்டியவை; அவற்றுக்குள் நாம் புகவில்லை. படத்தை எப்படிப் பார்ப்பது என்பதை மட்டுமே பேசுகிறோம்.

திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிய பாடமன்று. லேப் டிப் அனுப்பி ஷேட் அப்ரூவல் வாங்கும்போது கைப்பேசியில் எடுத்த படத்தை எந்த பையராவது ஏற்கிறாரா? துணித் துண்டை கலர் மேட்சிங் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்ச விளக்கிலும் கடை வெளிச்ச விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் சரி என்கிறார். ஏனெனில் படம் நிறத்தை மாற்றிக் காட்டும் என்பது டையிங் பட்டறைப் பையனுக்கும் தெரியும். ஒரு மீட்டர் துணிக்குக் காட்டும் இந்த நிதானத்தைப் பிறைக்கும் காட்ட வேண்டுமென்றே கேட்கிறோம்.

இன்றைய கைப்பேசிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2023 மார்ச்சில் ஒருவர் முழுநிலாப் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, இருட்டறையிலிருந்து சாம்சங் கைப்பேசியால் படம் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் தெளிவாக வந்தன. நிலா என்று கண்டுகொண்டால் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நுணுக்கங்களைத் தெளிவாக்குகிறோம் என்று அந்நிறுவனமும் விளக்கம் தந்தது. அழகுக்கு எடுப்பதானால் இதில் குற்றமில்லை. சாட்சியத்திற்கு எடுப்பதானால் யோசிக்க வேண்டும்.

சரி, பொய்யே கலவாத படம் என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் 'கண்டேன்' என்பதற்குச் சமமாகுமா? 2013 ஜூலை 8 அன்று பிரான்சில் தியரி லெகோ என்ற வானியல் படப்பிடிப்பாளர், சரியாக அமாவாசை நிகழும் கணத்திலேயே பட்டப்பகலில் நிலாவின் கீற்றைப் படம் பிடித்தார். அது ஹிஜ்ரி 1434 ரமலானுக்கு முந்தைய அமாவாசை. அப்போது நிலா சூரியனிலிருந்து சுமார் 4.4 பாகை தொலைவில்தான் இருந்தது. சூரிய வெளிச்சம் குழாய்க்குள் விழாதபடி மறைப்பு வைத்து, அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படம் அது. மனிதக் கண்ணுக்கோ, நிலா சூரியனை விட்டு ஏறக்குறைய 7 பாகையாவது விலகாமல் பிறை தென்படாது என்பதை டாஞ்சோன் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1930களில் கணித்தார். ஆக, கேமரா கண்டதெல்லாம் கண் கண்டதாகாது. அறிவியலும் இதையே சொல்கிறது.

வந்த படத்தை நாமே சோதிக்கச் சில வழிகள் உண்டு. பிறையின் கொம்புகள் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமே நோக்கும். வெளிச்ச வயிறு சூரியன் மறைந்த திசையில் இருக்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் 11 பாகையில் இருக்கும் நம் ஊரில், மாசி பங்குனி மாதங்களில் பிறை பெரும்பாலும் தோணி போல் மல்லாந்து கிடக்கும். புரட்டாசி ஐப்பசியில் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் பிறை வந்தால், அது வடக்கே வெகுதொலைவிலுள்ள நாட்டில் எடுத்ததா என்று கேளுங்கள். கொம்புகளுக்கு நடுவே நட்சத்திரம் மின்னினால் கேட்கவே வேண்டாம். அந்த இருண்ட இடம் வெற்றிடமன்று, நிலாவின் உடலேதான். அதை ஊடுருவி எந்த நட்சத்திரமும் தெரியாது. அது கொடியில் வரையலாம், வானத்தில் வராது.

மற்றொன்று நம் பாட்டனார்கள் அறிந்திருந்தது. 29ஆம் நாள் பஜ்ரு தொழுதுவிட்டு வெளியே வரும்போது கிழக்கில் தேய்பிறை கண்ணுக்குத் தெரிந்தால், அன்று மாலை மேற்கில் புதுப்பிறை தெரிய வாய்ப்பில்லை. நிலா விண்மீன்களுக்கிடையே ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழத் தன் விட்டத்தின் அளவு, அதாவது அரைப் பாகைதான் நகர்கிறது. காலையில் சூரியனுக்கு இந்தப் பக்கம் 7 பாகை, மாலையில் அந்தப் பக்கம் 7 பாகை என்று பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரத்தில் அதனால் தாண்ட முடியாது. அமாவாசைக்கும் அமாவாசைக்கும் சராசரி இடைவெளி 29 நாள் 12 மணி 44 நிமிடம். மாதம் ஒருமுறை 29ஆகவும் ஒருமுறை 30ஆகவும் வருவதன் காரணம் இந்த அரை நாள்தான்.

இவ்வளவும் சொன்னதால் படம் எடுக்காதீர்கள் என்று நாம் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். நிறைய எடுங்கள். முதலில் கண்ணால் பாருங்கள், துஆ ஓதுங்கள், பிறகு எடுங்கள். நிலா சூரிய ஒளியில் நனைந்த பொருள். கைப்பேசியோ சுற்றியுள்ள இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. அதனால்தான் முழுநிலா வெள்ளைப் பொட்டாக வருகிறது. திரையில் நிலாவைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறையுங்கள். கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்து டைமர் போடுங்கள். கேமரா வைத்திருப்போர் முழுநிலாவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 11, நொடியில் நூற்றில் ஒரு பங்கு என்று தொடங்கலாம். நீட்டிய கையின் சுண்டு விரல் நிலாவைப் போல் இரு மடங்கு அகலத்தை மறைத்துவிடும். சாதாரணக் கைப்பேசிப் படத்தில் அது முப்பது புள்ளி அகலம்கூட வராமல் போகலாம். சிறியதாக வந்ததே என்று வருந்த வேண்டாம். மினாராவையும் தென்னையையும் சேர்த்து எடுங்கள். படத்தில் ஊர் தெரியும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: சூரியன் முழுவதும் மறையுமுன் பைனாகுலரையோ தொலைநோக்கியையோ மேற்கே திருப்பக் கூடாது. கண் போய்விடும்.

மிக அழகான நேரம் எதுவென்று கேட்டால் பிறை மூன்று என்போம். கீற்றுக்குள் மீதி நிலா சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். பூமியில் பட்ட சூரிய ஒளி நிலாவுக்குப் போய், அங்கிருந்து நம் கண்ணுக்குத் திரும்பி வருவது அது. அந்த நாளில் சிறு தொலைநோக்கி கிடைத்தால், வெளிச்ச விளிம்பருகே நீள்வட்டமான கருஞ்சமவெளி ஒன்று தெரியும். அதன் ஓரத்துப் பள்ளம் ஒன்றுக்கு அல்ஹசன் என்று பெயர். இப்னு அல் ஹைதம் அவர்களின் பெயர். 965 அளவில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அவர்கள் நிலாவின் ஒளியைப் பற்றித் தனி நூல் எழுதினார்கள். கிரகணத்தின்போது சிறு துளை வழியே வரும் சூரிய ஒளி பிறை வடிவில் விழுவதை ஆராய்ந்தார்கள். கேமரா என்ற சொல்லே அரபியில் பிறந்தது என்று மேடைகளில் பேசுவோர் உண்டு. அது அறை என்று பொருள்படும் லத்தீன் சொல். இருக்கிற பெருமையே போதுமானது.

நம் கொங்கு மண்ணுக்கும் இதில் பங்குண்டு. 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான் 1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை அவர்கள், பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்தவர். நிலாவில் இறங்கும் கலத்தைச் சோதிக்க, நிலா மண்ணை ஒத்த மண் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களிலிருந்து போனது. 2019இல் அனுப்பிய சந்திரயான் 2இன் கேமரா 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, நிலாத் தரையில் ஓரடி அளவுள்ள பொருளையும் பிரித்துக் காட்டும் திறனுடையது. ஆனாலும் நொய்யல் கரையிலிருந்து இன்று பிறை தெரிந்ததா என்பதை அந்தக் கேமரா சொல்லாது. அதற்கு மாடி ஏறத்தான் வேண்டும்.

ஆகவே நிர்வாகத்திடம் நம் குழுவின் வேண்டுகோள்கள் இவை. ஒவ்வொரு மாதமும் பிறை 29 அன்று மக்ரிபுக்குப் பின் அரை மணி நேரம் மாடியின் ஃபோகஸ் விளக்கை அணைக்க வேண்டும். பைனாகுலர் ஒன்று வாங்கித் தர வேண்டும். பிறை பார்த்தவர் பெயர், நேரம், திசை, வானத்தின் நிலை, உடன் பார்த்தவர் யார் என்பதைக் கையெழுத்துடன் பதிய ஒரு நோட்டு வேண்டும். படம் எடுத்தால் அதுவும் அந்தப் பதிவோடு இணைந்தே இருக்கட்டும். ஆடிக்காற்றுக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேகம் பல மாலைகளை மறைத்துவிடும். மேகம் இருந்தது என்பதையும் எழுதுவோம். ரமலானுக்கும் பெருநாளுக்கும் மட்டும் ஏறினால் மேற்கில் எங்கே பார்ப்பது என்றே தெரியாது. மாதந்தோறும் ஏறிப் பழகினால்தான் கண் பழகும். ஷிஃப்டு முடிந்து தாமதமாக வருவோர் அய்யாமுல் பீள் நோன்பு இரவுகளில், 13, 14, 15இல், முழுநிலாவைப் பார்க்க வரலாம். மாடிச் சாவி மோதினார் அவர்களிடம் இருக்கும்.

வஸ்ஸலாம்.