விண்ணப்பத்தை நிரப்புவது யார்?



ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி மாதம் வந்தால், பத்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரே கதைதான். மார்ச் 1ஆம் திகதிக்குள் விடரகோயண்ட, அதாவது மேல்நிலைப் பாடசாலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை எதைப் படிப்பது? எந்தப் பாடசாலைக்குப் போவது? கோயிலிலும் கொண்டாட்டங்களிலும் பெற்றோர் இதைத்தான் கதைக்கிறார்கள். இன்று நானும் இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நான் கல்வி நிபுணன் அல்ல. இந்த விடயத்தில் ஒரு தடவை பிழை விட்ட தகப்பன், அவ்வளவுதான்.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி. என் மகன் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தான். "அப்பா, நான் எலெக்ட்ரோ எடுக்கப் போறன். எலெக்ட்ரீசியனா வர விருப்பம்" என்றான். பழுதான றேடியோவையும் சைக்கிள் லைற்றையும் கழற்றிப் பூட்டி வளர்ந்த பிள்ளை. எனக்கு அது தெரியாததல்ல. ஆனாலும் என் வாயில் வந்தது இதுதான்: "நான் பின்மார்க் குளிருக்குள்ள நின்று மீன் வெட்டினது, நீ வயர் இழுக்கவோ?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகும் பொதுப் படிப்பை முதலாவது தெரிவாகப் போட்டான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று பிறகு பல நாள் யோசித்தேன். 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் தரப்படுத்தல் வந்தது. தமிழ் மொழியில் சோதனை எழுதியவர்கள் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் போகக் கூடுதலான புள்ளிகள் எடுக்க வேண்டியிருந்தது. என் மூத்த அண்ணர் அதிலே அடிபட்டவர். பெறுபேறு வந்த அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. பிறகு மாவட்ட அடிப்படை வந்தது. நான் ஏ லெவல் எழுதிய காலத்தில் எனக்கும் இடம் கிடைக்கவில்லை. 1987இல் என்னைப் போல் பல இளைஞர்கள் வந்த அதே வழியால், நாட்டார் உயர்பாடசாலை ஒன்றில் படிக்கவென்று நோர்வே வந்தேன். பிறகு வடக்கே மீன் தொழிற்சாலை. பிள்ளைகளின் படிப்பை நினைத்துத்தான் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தோம்.

ஆகவே பல்கலைக்கழகம் என்பது எங்களுக்கு வெறும் படிப்பு அல்ல. பறித்தெடுக்கப்பட்ட ஒரு கதிரை. அந்தக் கதிரையில் என் மகனை இருத்திவிட நான் ஆசைப்பட்டேன். அவன் அதைக் கேட்கவே இல்லை.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பொதுப் படிப்பைத் தொடங்கினான். மார்கழிக்குப் பிறகு காலையில் வீட்டிலிருந்து வெளிக்கிடுவான், பாடசாலைக்குப் போவதில்லை. பாடசாலையிலிருந்து கடிதம் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. 2016இல் வந்து அப்போது நடைமுறையில் இருந்த விதிப்படி, காரணம் காட்டாமல் ஒரு பாடத்தில் 10 வீதத்துக்கு மேல் வராமல் விட்டால் அந்தப் பாடத்துக்குப் புள்ளி கிடையாது. இரண்டு பாடங்களில் அவன் அந்த எல்லையைத் தாண்டியிருந்தான். அன்றிரவு தாய் கேட்டபோது அவன் சொன்னது: "அம்மா, நான் அங்க அப்பாவுக்காகப் போய் இருக்கிறன்."

நேயர்களே, அதைக் கேட்டபோது எனக்கு என் அண்ணரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவருக்கு விரும்பிய படிப்பைக் கொடுக்காமல் விட்டது அரசாங்கம். என் மகனுக்கு அதைக் கொடுக்காமல் விட்டது நான்.

நல்லவேளையாக இந்த நாட்டில் கதவு ஒரேயடியாகப் பூட்டப்படுவதில்லை. துறையை மாற்றிக்கொள்ளும் உரிமை பிள்ளைக்கு உண்டு. 2019இல் அவன் எலெக்ட்ரோவைத் தொடங்கினான். ஒரு வருடம் போனது. அந்த வருடத்துக்குப் பொறுப்பு நான்.

இனி, அன்று எனக்குத் தெரியாமல் இருந்த சில விடயங்களைச் சொல்கிறேன்.

தொழிற்கல்வியை இங்கே யிர்கஸ்பாக் என்கிறார்கள். பெரும்பாலான தொழில்களுக்கு இரண்டு ஆண்டு பாடசாலை, இரண்டு ஆண்டு ஒரு நிறுவனத்தில் பயிற்சி. எலெக்ட்ரீசியனுக்குப் பயிற்சி இரண்டரை ஆண்டு. பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டு. போகப் போக அது கூடும். முடிவில் சோதனை எடுத்துப் பாக்பிரேவ் என்ற தொழிற்சான்றிதழ் பெறலாம். அதோடு படிப்பு முடிந்துவிடுவதில்லை. அதன் பிறகு ஒரு வருட மேலதிகப் படிப்புப் படித்துப் பல்கலைக்கழகத் தகுதி பெறலாம். சில பொறியியல் படிப்புகளுக்குத் தொழிற்சான்றிதழோடு நேரடியாகவே போகவும் வழி உண்டு.

இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. பயிற்சி இடத்தை யாரும் கொண்டுவந்து கையில் தருவதில்லை. நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டுப் பின்னணி உள்ள பிள்ளைகளுக்கு அந்த இடம் கிடைப்பது கடினம் என்று நோர்வே ஆய்வுகளே காட்டியுள்ளன. பாடசாலைக்கு ஒழுங்காகப் போவதும் நேரத்துக்கு நிற்பதும் அங்கே புள்ளிகளைப் போலவே பார்க்கப்படும். இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் தொழிற்கல்விக்குப் போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. படிக்க ஆசைப்படும் பிள்ளையை யாராவது "உனக்கு இது கஷ்டம்" என்று திருப்பிவிடப் பார்த்தால், பெற்றோர் போய்ப் பேசத்தான் வேண்டும். ஆனால் பொதுப் படிப்பில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரி என்றும் இருந்துவிட வேண்டாம். இரண்டாம் ஆண்டில் எடுக்கும் பாடங்கள்தான் வழியைத் தீர்மானிக்கின்றன. மருத்துவம் படிக்க இரண்டு ஆண்டு இரசாயனமும், முதற்கட்டப் பௌதிகமும், உயர் கணிதமும் வேண்டும். பொறியியல் முதுகலைப் படிப்புக்கு உயர் கணிதம் இரண்டு ஆண்டும், கூடவே பௌதிகமும் வேண்டும். அந்தப் பாடங்களை எடுக்காத பிள்ளையிடம் பிறகு போய் "ஏன் டொக்டராக வரவில்லை" என்று கேட்டுப் பயனில்லை.

பாடசாலையைத் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும். பத்தாம் வகுப்பின் இறுதிப் புள்ளிகளின் சராசரியைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணை வைத்துத்தான் இங்கே போட்டி. பெயர்பெற்ற பாடசாலைகளுக்கு அந்த எண் உயர்வாக வேண்டும். பிள்ளை மூன்று துறைகளை வரிசைப்படி எழுதலாம். அந்த மூன்றில் ஒன்றில் இடம் பெறுவது அதன் உரிமை. அது முதலாவதாகத்தான் இருக்கும் என்றில்லை. ஆகவே மூன்றாவது இடத்தைச் சும்மா நிரப்பாமல், உண்மையில் போகக்கூடிய ஒன்றை எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்த நாட்டின் சட்டப்படி 15 வயது நிரம்பிய பிள்ளை தன் கல்வியைத் தானே தெரிவு செய்யலாம். இதை முதலில் கேட்டபோது எனக்கு மனம் சுட்டது. "அப்போ எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். இப்போது எனக்கு விடை தெரியும். பாடசாலைகளின் திறந்த நாட்களுக்குப் பிள்ளையோடு போவது எங்கள் வேலை. கல்வி ஆலோசகரிடம் நேரம் எடுத்துச் சந்திப்பது எங்கள் வேலை. மொழி போதாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது எங்கள் வேலை. தகவலைத் தேடிக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை வாயைக் கட்டி வைத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை.

மகன் 2024இன் தொடக்கத்தில் தொழிற்சான்றிதழ் பெற்றான். அன்று ஊரில் இருக்கும் அண்ணருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "பிள்ளை விரும்பித்தானே படிச்சவன்?" ஓம் என்றேன். "அப்ப அது காணும்" என்றார். ஐம்பது வருடமாக அந்த வீட்டில் இருந்த ஒரு பாரம் அன்று கொஞ்சம் இறங்கியது போல எனக்கு இருந்தது.

இப்போது என் இளைய மகளுக்கு முறை. அதே குசினி மேசை. அவள் பொதுப் படிப்புத்தான் கேட்கிறாள். இரசாயனம் படிக்க ஆசை என்கிறாள். உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம்தான், மறைக்கவில்லை. ஆனாலும் இந்த முறை ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன்: "பிள்ளை, இது உன்ர விருப்பமோ, எங்கட விருப்பமோ?" அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "இன்னும் ரெண்டு கிழமை இருக்கு அப்பா, யோசிச்சுச் சொல்லுறன்."

யோசிக்கட்டும். தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு நான் அறையை விட்டு வந்துவிட்டேன். உங்கள் வீட்டு மேசையிலும் அந்த விண்ணப்பம் திறந்திருந்தால், எழுதும் கை பிள்ளையுடையதாக இருக்கட்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.