சொல்லாமல் நின்ற படிப்பின் விலை
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

ஒரு கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும்போது, பட்டம் பெற்றவர்களை எண்ணிப் பெருமைப்படுவது இயல்பு. அந்தப் பெருமைக்கு நாம் உரியவர்களே. ஆனால், கல்லூரியில் சேர்ந்தும் கரை சேராத பிள்ளைகளின் கணக்கு எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. அவர்களைப் பற்றிப் பேசவே இந்த நேரத்தைக் கேட்டுப் பெற்றோம்.

நம் பிள்ளைகளின் படிப்பு எப்படி நிற்கிறது? தந்தை நோயில் விழுகிறார். மூத்த பிள்ளை கூலிக்குப் போக வேண்டியதாகிறது. தமக்கையின் திருமணக் கடன் வந்து கழுத்தை நெரிக்கிறது. பெங்களூருக் கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் ஆள் சேர்க்க யாரேனும் வருகிறார்கள். பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதைக் கடைகளில் இரவெல்லாம் நின்று சம்பாதிப்பவன் மறுநாள் வகுப்புக்குப் போவதில்லை; வருகைப் பதிவு குறைகிறது; தேர்வெழுதத் தடை வருகிறது. உதவித்தொகை ஆண்டின் பிற்பகுதியில் வந்து சேர, கட்டணத்தை மட்டும் ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்கிறார்கள். ஒரு நாள் அந்தப் பிள்ளை பேருந்து ஏறுவதில்லை. ஆசிரியரிடம் சொல்வதில்லை, அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பதில்லை. வெட்கம் வாயை அடைத்துவிடுகிறது. இரண்டு மாதம் கழித்தே, “தம்பி காலேஜுக்குப் போறதில்லையாம்” என்று அக்கம்பக்கத்தார் அறிகிறார்கள்.

கூலி வேலையை நாம் இகழவில்லை. அந்தக் கூலியில்தான் நம் வீடுகளில் உலை கொதிக்கிறது. படிப்பை நிறுத்த நேர்ந்த பிள்ளையையும் நாம் பழிக்கவில்லை. நாம் கூற வந்தது ஒன்றே. படிப்பு நிற்பது ஒரு துன்பம். சொல்லாமல் நிற்பது அதனினும் பெரிய பொருள் நட்டம். முன்னதைச் சில வேளைகளில் நம்மால் தடுக்க இயலாது. பின்னதைத் தடுக்க ஒரு தாளும் பேனாவும் போதும்.

இதற்கு நம் அண்ணலின் வாழ்க்கையே சான்று. அவர் படிப்பும் பணமின்றி ஒரு முறை நின்றது. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட், திங்களுக்கு பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கி, அண்ணல் அம்பேத்கரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 1916இல் அண்ணல் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பலேற நேர்ந்தது. ஆனால் அவர் வாளா திரும்பவில்லை. நான்காண்டுகளுக்குள் மீண்டும் வந்து படிப்பைத் தொடரலாம் என்னும் அனுமதியை இலண்டன் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டே திரும்பினார். பம்பாய் சைடன்காம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்தார். கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியையும் நண்பர் நவல் பத்தேனாவிடம் பெற்ற கடனையும் அதனோடு கூட்டிக்கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1921இல் எம்.எஸ்ஸி. பட்டமும் 1923இல் டி.எஸ்ஸி. பட்டமும் அவரை வந்தடைந்தன. அந்த அனுமதி கையில் இல்லையெனில், சேர்த்த பணம் இருந்தும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவது எளிதாக இருந்திருக்குமா? எண்ணிப் பாருங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். சொல்லாமல் நின்றால் எந்தெந்த வழியில் பணம் போகிறது?

முதலாவது, கட்டிய கட்டணம். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இதற்கொரு படிக்கட்டு வகுத்துள்ளது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்னரே விலகினால், சிறு பிடித்தம் போக முழுத் தொகையும் திரும்ப வரவேண்டும். அந்த 15 நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடு. கடைசி நாளுக்குப் பின் 15 நாள்வரை 80 விழுக்காடு, 30 நாள்வரை 50 விழுக்காடு, அதன்பின் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் இதனினும் தாராளமான சுற்றறிக்கைகள் வந்தன. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியோர்க்கு முழுத் தொகை என்றும், அக்டோபர் 31 வரை விலகியோர்க்கு 1,000 ரூபாய்க்கு மிகாத பிடித்தம் என்றும் அறிவிக்கப்பட்டது. இவற்றிலெல்லாம் நாளை எண்ணுவது, மாணவர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்துதான். வகுப்புக்குப் போகாமல் வீட்டிலிருந்த நாளை யாரும் கணக்கில் கொள்ளார். பத்து நாள் தயங்கினால், ஒரு படி இறங்கிவிடுவோம்.

இரண்டாவது, கல்வி உதவித்தொகை. பள்ளியிறுதிக்குப் பிந்தைய படிப்புக்கான இத்திட்டம், அண்ணல் அவர்கள் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1944இல் தொடங்கியது. அதை நாம் எவரிடமும் இரந்து பெறவில்லை. அது நம் முன்னோர் வாதாடிப் பெற்ற உரிமை. இத்திட்டத்தின் விதிகளில் இரண்டை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். ஆண்டின் இடையில் படிப்பைக் கைவிட்டால், பெற்ற தொகையைத் திருப்பிக் கேட்க மாநில அரசுக்கு இடமுண்டு என்பது ஒன்று. நோயினாலோ எதிர்பாராத நிகழ்வினாலோ தேர்வு எழுத இயலாதவர், மருத்துவச் சான்றும் உரிய ஆதாரமும் காட்டினால், அடுத்த ஆண்டுக்கு உதவித்தொகையைப் புதுப்பிக்க இடமுண்டு என்பது மற்றொன்று. ஒரே விதித்தொகுப்பு சொல்லாமல் போனவனைக் கடனாளியாக்குகிறது. சொல்லிப் போனவனுக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. மேலும், 2020 டிசம்பரில் இத்திட்டம் திருத்தப்பட்ட பின், மத்திய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேராக வருகிறது. அதில் கல்லூரிக்குரிய கட்டணமும் அடங்கியுள்ளது. அதை வீட்டுச் செலவில் கரைத்துவிட்டுப் படிப்பும் நின்றால், கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நாமே.

மூன்றாவது, மாதந்தோறும் வரும் தொகை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டு முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் திங்களுக்கு 1,000 ரூபாய் வழங்கப்பட்டு வருகிறது. மூன்றாண்டுப் படிப்புக்கு அது 36,000 ரூபாய். முதலாண்டோடு நின்ற மகள் 24,000 ரூபாயை விட்டுவிடுகிறாள். தொழிற்கல்விக்கு 2010 முதல் நடைமுறையிலுள்ள முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையோ ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே உரியது. அதைப் பயன்படுத்தியவர் படிப்பைக் கைவிடும்போது, தம்பி தங்கையருக்கும் உரியதாகியிருக்கக் கூடிய வாய்ப்பையும் கையில் வைத்திருக்கிறோம் என்பதை நினைக்க வேண்டும்.

நான்காவது, வங்கிக் கடன். அனைத்திலும் கூர்மையான முள் இதுவே. கல்விக் கடனுக்குப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை இலட்சத்துக்கு உட்பட்டிருந்தால், அக்காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் உள்ளது. ஆனால் இடையில் படிப்பைக் கைவிட்டவருக்கு அந்த வட்டி மானியம் இல்லை; மருத்துவக் காரணத்தால் நின்று, கல்வி நிறுவனத் தலைவர் ஏற்கும் ஆவணம் கொடுத்தவருக்கு மட்டுமே விலக்கு. எடுத்துக்காட்டாக, இரண்டு இலட்சம் ரூபாய்க் கடனுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்று கொள்வோம். ஆண்டுக்கு 20,000, ஈராண்டுக்கு 40,000. படித்தால் அரசு கட்டும் அத்தொகை, நின்றால் பட்டமில்லாத பிள்ளையின் தலையில் விழுகிறது. ஆயினும், குறித்த காலத்தில் படிப்பை முடிக்க இயலாதவர்க்கு இரண்டாண்டு வரை நீட்டிப்புத் தர வங்கிகளின் மாதிரிக் கடன் திட்டத்தில் இடமிருக்கிறது. எழுதிக் கேட்பவருக்கே அது கிடைக்கும்.

ஐந்தாவது, சான்றிதழ்கள். “பாக்கி ஆண்டுகளுக்கும் பணம் கட்டு, அப்போதுதான் டி.சி. தருவோம்” என்று மிரட்டும் கல்லூரிகள் உண்டு. மூலச் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்துவைத்தல் ஆகாது என்றும், மாணவர் படிக்கும் பருவத்துக்கோ ஆண்டுக்கோ மேல் முன்கூட்டியே கட்டணம் பெறலாகாது என்றும் அதே 2018 அறிவிக்கை கூறுகிறது. சான்றிதழ் கடனுக்கு அடகாகும் பொருளன்று என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமும் உறுதிப்படுத்தியுள்ளது. இதை அறியாத காரணத்தால், சாதிச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் கல்லூரி அலமாரியில் கிடக்க, வேறு படிப்பிலும் சேர இயலாமல், வேலைக்கும் விண்ணப்பிக்க இயலாமல் தவிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்!

தோழர்களே! எழுதிக் கேட்டால் நடக்குமா என்று ஐயுறுவோர்க்கு ஓர் அண்மைச் செய்தி. உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், நம்மைப் போன்ற தலித் மாணவன், 2024இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றான். 17,500 ரூபாய்க் கட்டணத்தைக் குறித்த மாலை நேரத்துக்குள் கட்ட இயலாமல் இடத்தை இழந்தான். அவன் வீட்டில் முடங்கவில்லை. பட்டியல் சாதியினர் ஆணையத்தை நாடினான். சட்டப் பணிகள் ஆணையத்தை நாடினான். சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தான். இறுதியில் உச்ச நீதிமன்றத்தின் படியேறினான். 2024 செப்டம்பர் 30 அன்று, அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின்கீழ் அவனுக்கு இடமளிக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த அரசியலமைப்பின் வரைவுக் குழுத் தலைவர் யார் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, படிப்பு தடுமாறும் நாளில் செய்ய வேண்டியவை நான்கு. துறைத் தலைவர் வழியாகக் கல்லூரி முதல்வருக்குக் காரணமும் நாளும் குறித்துக் கடிதம் கொடுங்கள். நகலில் கையொப்பமும் முத்திரையும் பெறுங்கள். நோய் எனில் மருத்துவச் சான்றை அன்றே வாங்கி வையுங்கள். கடன் இருந்தால் வங்கி மேலாளருக்கு எழுதுங்கள். உதவித்தொகை பெறுவோர் ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கும் எழுதுங்கள். மாவட்டத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் மக்கள் பேருந்தேறி வரும் ஆட்சியர் அலுவலகம் நம் வேங்கிக்காலிலேயே இருக்கிறது. நாம் நடந்தே போகலாம். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுக்கலாம். வழக்குத் தேவைப்பட்டால், 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பட்டியல் சாதியினருக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சேர்க்கைக்கு உதவுவதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. காலனிக்கு ஒருவர் பொறுப்பேற்று, கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பெயர்களை ஓர் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரு வாரம் ஒரு பிள்ளை பேருந்து ஏறவில்லையென்றால், அந்த வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்து, “என்னப்பா, என்ன சங்கதி?” என்று கேட்க வேண்டும். கடிந்துகொள்ளப் போகவேண்டாம், கடிதம் எழுதித் தரப் போகவேண்டும்.

இளைஞர்களே! வறுமை உங்கள் படிப்பை ஒரு நாள் நிறுத்தலாம். அதில் உங்களுக்கு இழிவில்லை. திரும்பி வரும் வழியை மட்டும் அடைத்துவிட்டுப் போகாதீர்கள். இச்சங்கத்தின் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த விழா மலரில், நின்று மீண்டவர்களின் பெயர்களும் அச்சேற வேண்டும் என்று கூறி அமர்கிறோம்.

ஜெய்பீம்.