ஆளறிந்து நடத்துதல்

பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர் எல்லாரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும், அதுதான் நியாயம் என்று பலர் எண்ணுகிறார்கள். சம்பளத்திலும் விடுப்பிலும் அது நியாயந்தான். ஆனால் வேலை சொல்லிக் கொடுப்பதிலும் மேற்பார்வை பார்ப்பதிலும் அப்படி இருந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே கண்டேன்.

1988-ஆம் ஆண்டு நான் மூன்றாம் வகுப்பு மாணவன். அப்பா இருபது வருடமாகப் பால்மரம் வெட்டியவர். அக்காள் பள்ளியை விட்டு அந்த ஆண்டுதான் நிரை எடுத்திருந்தாள். இருவருக்கும் ஒரே மண்டோர். கெட்ட மனிதர் அல்லர். "எனக்கு எல்லாரும் ஒன்றுதான்" என்று அடிக்கடி சொல்வார். சொன்னபடியே தினமும் ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடம் நிற்பார், பட்டையைத் தடவிப் பார்ப்பார், "ஆழம் பார்த்து வெட்டு" என்பார், போய்விடுவார்.

அக்காளுக்கு அந்த ஐந்து நிமிடம் போதவில்லை. பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆழமாக வெட்டாவிட்டால் பால் இல்லை. கொஞ்சம் கூடிப்போனாலோ மரத்தை வளர்க்கும் மெல்லிய அடுக்கில் கத்தி பட்டுவிடும். இடையில் விடவேண்டிய பட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான்! அதைத் தாண்டிக் காயம் பட்டால், புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காகக் கத்தி வைக்க முடியாது. 'ஆழம் பார்த்து' என்ற இரண்டு சொல்லில் இவ்வளவும் வந்துவிடுமா? மூன்றாம் மாதம் அவள் நிரையில் காயங்களைக் கண்ட வெளிக்காட்டுக் கிராணி அவளைப் புல்வெட்டுக்கு மாற்றிவிட்டார். வீட்டில் வருமானம் குறைந்தது.

அப்பாவுக்கோ அதே ஐந்து நிமிடம் முள்ளாகக் குத்தியது. "நேற்று வந்தவனுக்குச் சொல்வதையே எனக்கும் சொல்கிறாரே" என்று அம்மாவிடம் குமுறினார். ஆண்டு முடிவதற்குள் வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்தோம். நான்காம் வகுப்பில், முகந்தெரியாத பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன்.

புதுத் தோட்டத்து மண்டோர் அப்பாவைவிட இளையவர். அக்காளுக்கு மறுபடியும் மரம் கொடுத்தார். முதல் வாரம் தினமும் நான்கு மரங்களைத் தாமே வெட்டிக் காட்டினார். பிறகு அவளை வெட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்றார். கை தவறினால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்தினார். இரண்டாம் மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை வந்தார். அப்புறம் எப்போதாவதுதான். அப்பாவிடம் வந்தாலோ அவர் சொல்வதில்லை, கேட்பார். "அண்ணே, அந்த மேட்டு மரங்களில் பட்டை தாங்குமா? புதுக் கோடு போடலாமா?" அன்று இரவு சோறு உண்ணும்போது அப்பா அதை இரண்டு தடவை சொல்லியிருப்பார்.

அடுத்த நிரைக்காரர் ஒருவர் நல்ல வெட்டாளி. மனைவி இறந்தபின் தினமும் பெரட்டுக்குப் பிந்தி வரத் தொடங்கினார். அவருக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுத்துப் பயனில்லை. தெரிந்தவர்தானே என்று விட்டுவிடவும் முடியாது. மண்டோர் அவரைப் பெரட்டில் வைத்து ஏசவில்லை. மாலையில் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் கொண்டுபோய் விட ஆளில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மாளிடம் பேசி அதற்கு ஒரு வழி செய்தார்.

பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இதையே பாடமாகப் படித்தேன். வேலை தெரியுமா, செய்ய மனம் இருக்கிறதா என்று பார்த்துத் தலைவர் தம் முறையை மாற்ற வேண்டும் என்ற கருத்தைப் பால் ஹெர்சி, கென் பிளான்சர்ட் என்ற அமெரிக்கர்கள் 1969-இல் வெளியிட்டார்கள். 1987-இல் பள்ளி ஆசிரியர்களிடையே நடந்த ஓர் ஆய்வில் அது எல்லாருக்கும் பொருந்தவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கே நன்றாகப் பொருந்தியது. வள்ளுவரோ 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்துவிட்டார். அந்த மண்டோர் இவற்றில் எதையும் படித்தவர் அல்லர்.

1995-இல் அந்தத் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். சில ஆண்டுகளில் குலை வெட்டும் பருவம் வந்தது. முப்பது வருட வெட்டாளியான அப்பா அன்று முதன்முதலாகச் செம்பனை வெட்டக் கருவியைக் கையில் எடுத்தார். மண்டோர் மறுபடியும் அவர் பக்கத்தில் வந்து நின்றார், இந்தத் தடவை கேட்பதற்கல்ல. "அண்ணே, கீழே உதிரிப் பழம் கிடக்குதான்னு முதல்ல பாருங்க. கிடந்தாத்தான் குலை பழுத்திருக்கும். மட்டையை இறக்கிட்டு அப்புறம் குலையை வெட்டுங்க. விழும் இடத்தில் நிற்காதீங்க." முன்பு ஐந்து நிமிடத்துக்கே முகம் சுளித்தவர், அன்று காலை முழுவதும் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாராம். மாலையில் வீட்டுக்கு வந்து, "தம்பி நல்லாச் சொல்லிக் கொடுக்குது" என்றார்.