புலப்படாத குறைகளும் புலப்பட வேண்டிய பரிவும்



தமிழ் இலக்கண நூலார் வாழ்க்கையை அகம், புறம் என இரண்டாகப் பகுத்தனர். இவ்வாறு இருந்தது என்று பிறர்க்கு எடுத்துரைக்க இயலாமல், உள்ளத்தால் மட்டுமே நுகரப்படுவது அகம் என்று தொல்காப்பிய உரையில் நச்சினார்க்கினியர் விளக்கினார். அவர் சொன்னது காதலின்பத்தை. ஆயினும் அவ்விளக்கம் ஒருவகைத் துன்பத்திற்கும் பொருந்துகிறது. உடலிலோ மூளையிலோ குறைபாடு இருந்தும், வெளித்தோற்றத்தில் அதன் அடையாளம் சிறிதும் இல்லாதவர்கள் படும் துன்பமே அது.

ஊன்றுகோலைக் கண்டால் சமூகம் வழிவிடுகிறது. சக்கர நாற்காலியைக் கண்டால் கை கொடுக்கிறது. கண்ணுக்குச் சான்று கிடைக்காத இடத்திலோ ஐயுறுகிறது. பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இருக்கையில் அமர்ந்த இளம்பெண்ணை, “நன்றாகத்தானே இருக்கிறாய், எழுந்திரு” என்று அதட்டுவோர் உண்டு. அவள் தலசீமியா நோயால், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றிக்கொண்டு வாழ்பவளாக இருக்கலாம். அடுத்த முறை குருதி ஏற்றும் நாள் நெருங்க நெருங்க, நிற்கவும் வலுவின்றி உடல் சோரும். ஹீமோபிலியா உடைய சிறுவனுக்கு வெளிக்காயம் எதுவுமின்றியே முழங்கால் மூட்டினுள் குருதி கசியும். விளையாட வர மறுக்கும் அவனைக் கோழை என்பார்கள். ஒரு செவி கேளாதவர் அப்பக்கமிருந்து அழைத்தால் திரும்பமாட்டார். அவருக்குச் செருக்கு என்பார்கள்.

இவ்வகைப் பழிச்சொற்கள் மிகுதியாக விழும் இடம் வகுப்பறையாகும். மனக்கணக்கின் விடையை முதலில் சொல்லும் மாணவன், பாடநூலின் ஒரு பத்தியை வாசிக்க எழுந்தால் தடுமாறுகிறான். கேட்ட கதையை ஒரு நிகழ்ச்சியும் விடாமல் சொல்பவன், அதனையே எழுதச் சொன்னால் நான்கு வரிகளில் நின்றுவிடுகிறான். ‘செடி’ என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னே நிற்கிறது. அதன் ஒலியோ சகரத்திற்குப் பின்னே வருகிறது. லகர, ழகர, ளகர வேறுபாடும் அத்தகையதே. இவற்றில் தொடக்கத்தில் எல்லாக் குழந்தைகளும் இடறுவர். பயிற்சியால் பெரும்பாலோர் கடந்துவிடுவர். ஆண்டுகள் சென்றும், உழைத்தும் கடக்க இயலாத குழந்தைக்கு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருக்கக்கூடும். அஃது அறிவுக்குறைவு அன்று. எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கும் முறையில் அமைந்த வேறுபாடு. உரிய பயிற்சியாலும் கூடுதல் நேரத்தாலும் அக்குழந்தை கற்க இயலும். ‘சோம்பேறி’ என்று பலமுறை கேட்ட குழந்தையோ, ஒரு நாள் அதனை நம்பத் தொடங்குகிறது. குறைபாட்டினும் பெரிய இழப்பு அதுவே.

சட்டம் இவ்வுண்மையை முன்பே ஏற்றுக்கொண்டுள்ளது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக விரித்தது. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் உயிரணு நோய், ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பார்க்கின்சன் நோய் ஆகியன அப்பட்டியலில் இடம்பெற்றன. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருப்போர்க்கு உயர்கல்வியிலும் அரசுப் பணியிலும் இடஒதுக்கீடு உண்டு.

விழுக்காடு குறைந்தால் உரிமையே இல்லையா? எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் குறைபாடுடைய தேர்வர் ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் தாம் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆளை வேண்டினார். அவரது குறைபாடு அந்த அளவை எட்டவில்லை என்று தேர்வாணையம் மறுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 40 விழுக்காடு என்னும் அளவு இடஒதுக்கீட்டிற்கு உரியதே. எழுத இயலாதவர்க்கு எழுத்தர் உதவியை மறுக்க அதனைக் காரணமாக்கலாகாது என 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அதனையொட்டி 2022இல் நடுவண் அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒருவர் தமக்கு இயலவில்லை என்று சொன்னதை அமைப்புகள் செவிமடுக்க, இத்தனை தொலைவு செல்ல வேண்டியிருந்தது.

வேறு நாடுகள் எளிய வழியொன்றையும் கண்டன. செயற்கை மூட்டு பொருத்தியவர், உள்ளுறுப்பு நோயுடையோர், கருவுற்ற தொடக்க மாதங்களில் உள்ள மகளிர் ஆகியோர் பையில் தொங்கவிட்டுக்கொள்ளும் சிவப்பு நிற உதவிக் குறியைத் தோக்கியோ மாநகர அரசு 2012இல் அறிமுகம் செய்தது. 2016இல் இலண்டன் அருகிலுள்ள கேட்விக் விமான நிலையம், சூரியகாந்திப் பூக்கள் பதித்த பச்சைக் கழுத்துப்பட்டையை வழங்கத் தொடங்கியது. அணிந்தவர் தம் நோயை விளக்க வேண்டியதில்லை. சற்றுப் பொறுமையும் உதவியும் தேவை என்பதைப் பட்டையே சொல்லிவிடும்.

எனினும் அடையாளம் அணிய முதலில் வீட்டில் துணிவு வேண்டும். சான்றிதழ் பெற்றால் நாளை மகளுக்கு வரன் அமையுமோ, உறவினர் என்ன சொல்வரோ என்று அஞ்சிப் பெற்றோர் மறைக்கின்றனர். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறிய சமூகத்தில் இவ்வச்சம் பெரிதாகவே இருக்கும். மறைப்பதால் குழந்தை தேர்வில் கூடுதல் நேரத்தை இழக்கிறது, சலுகையை இழக்கிறது, சிகிச்சைக்குரிய காலத்தையும் இழக்கிறது. வெளியார் நம்பாததால் வீட்டார் மறைக்கின்றனர். வீட்டார் மறைப்பதால் வெளியார் அறியாதிருக்கின்றனர். இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. விழாப் பந்தலில் வரிசையில் நிற்க இயலாது என்று ஒருவர் சொன்னால், காரணம் கேளாது நாற்காலி தரலாம். நோன்பிருக்காத இளைஞனிடம் ஏன் என்று வினவாதிருக்கலாம்; அவன் வேளை தவறாது மருந்து உண்பவனாக இருக்கலாம். ஒலிபெருக்கியின் இரைச்சல் தாளாது அலறும் குழந்தையின் தாயை வளர்ப்பு சரியில்லை என்று பழியாது, அமைதியான அறை ஒன்றைக் காட்டலாம். வாசிக்கத் திணறும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் மருத்துவரிடம் காட்டலாம். தகுதியுடையோர் தயங்காது அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க, படித்த இளைஞர் உடனிருந்து உதவலாம்.

வலியைக் கண்ணால் கண்ட பின்னரே இரங்குவது எளிது. “எனக்கு இயலவில்லை” என்னும் சொல்லையே சான்றாக ஏற்று இரங்குவதே பரிவு. அப்பரிவு ஒவ்வோர் இல்லத்திலும் தொடங்கட்டும்.